மோர்மன் பலதார மணத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை: எம்மலைன் வெல்ஸை முன்வைத்து ஓர் அறிமுகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மோர்மன்களிடையே வழங்கிய பலதார மணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், எத்தனை மனைவியர் என்ற கணக்கே முதலில் வரும். மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு முப்பதிலிருந்து நாற்பது வரை, அவருக்குப் பின் தலைமையேற்ற பிரிகம் யங்கிற்கு ஐம்பதுக்கும் மேல் என்று அது நீளும். இந்தக் கணக்கு ஆண்களைப் பற்றியது. அந்த மணத்துக்குள் இருந்த பெண் எந்த வீட்டில் குடியிருந்தாள், அவளுடைய செலவுக்கு யார் பொறுப்பேற்றார்கள், கணவன் இறந்தால் அவளுடைய நிலை என்ன, அரசு அந்த மணத்தையே குற்றம் என்று அறிவித்தபோது அவளுக்கு என்ன நேர்ந்தது என்பவை வேறு கேள்விகள். அவற்றை எம்மலைன் பி. வெல்ஸ் என்ற ஒரே பெண்ணின் வாழ்க்கையை வைத்து விளக்க இங்கே முயல்கிறேன். பலதார மணத்துக்காகப் பத்திரிகையில் வாதாடியவர் அவர். அதே மணத்தில் தாம் பட்ட தனிமையை நாட்குறிப்பில் எழுதிவைத்தவரும் அவரே. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் இப்பொருளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். மோர்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படுவோரின் சபைக்குப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் அதை நிறுவினார். ஒஹாயோ, மிசௌரி என்று இடம் மாறி, விரட்டப்பட்டு, 1839 முதல் இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற நகரை அவர்கள் எழுப்பினார்கள். பலதார மணம் அங்குதான் நெருங்கிய வட்டத்துக்குள் இரகசியமாகப் பரவியது. பழைய ஏற்பாட்டில் ஆபிரகாமும் யாக்கோபும் பல மனைவியரை மணந்ததுபோலத் தமக்கும் தெய்வக் கட்டளை வந்திருப்பதாக ஸ்மித் கூறினார். 1843 ஜூலையில் அது எழுத்தில் பதிவானது. அவருடைய முதல் மனைவி எம்மா அதை மனமார ஏற்கவே இல்லை. ஸ்மித் மணந்தவர்களுள் மிக இளையவரான ஹெலன் மார் கிம்பலுக்குப் பதினைந்து வயது நிறையச் சில மாதங்கள் இருந்தன. இதை மென்மையாக்கிச் சொல்ல வழியில்லை.

இந்த மணத்தைச் சாதாரண இருதார, முத்தார மணங்களிலிருந்து வேறுபடுத்துவது 'முத்திரித்தல்' என்ற சடங்கு. சபையின் நம்பிக்கைப்படி, உரிய அதிகாரம் பெற்றவர் நடத்தி வைக்கும் திருமணம் மரணத்தோடு முடிவதில்லை; மறுமையிலும் அது தொடரும். அதனால் ஒரு பெண்ணின் திருமணம் இரண்டு வகையாக அமையலாம். ஒன்று 'நித்தியத்துக்கும்' ஆனது, மற்றது 'இவ்வுலகக் காலத்துக்கு மட்டும்' ஆனது. ஒருவருக்கு நித்தியமாக முத்திரிக்கப்பட்ட பெண், அவர் இறந்தபின் இன்னொருவரை இவ்வுலகுக்கு மட்டும் மணக்கலாம். ஆனால் மறுமையில் அவளும், இரண்டாவது கணவருக்கு அவள் பெற்ற பிள்ளைகளும் முதலாமவரின் குடும்பத்துக்கே உரியவர்கள் ஆவார்கள். கேட்பதற்குச் சிக்கலான இறையியல் போலத் தோன்றினாலும், ஒரு விதவை யாரை நம்பி வாழ்ந்தாள், அந்த ஆண் அவளிடம் எவ்வளவு பற்று வைத்தான் என்பதையெல்லாம் இந்தப் பாகுபாடு நேரடியாகப் பாதித்தது. எம்மலைன் வாழ்க்கையில் அதைத் தெளிவாகக் காணலாம்.

எம்மலைன் 1828 பிப்ரவரி 29 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பீட்டர்ஷாம் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தாயார் மோர்மன் சபையில் சேர, 1842இல் எம்மலைனும் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டு, பதினைந்து வயதில், தம் வயதையொத்த ஜேம்ஸ் ஹாரிஸை மணந்தார். இது பலதார மணம் அல்ல. ஊர் வழக்கப்படி நடந்த திருமணம். 1844இல் கணவருடனும் மாமனார் மாமியாருடனும் நாவூ வந்து சேர்ந்த சில மாதங்களுக்குள், ஜூன் 27 அன்று, ஜோசப் ஸ்மித் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் எம்மலைனுக்குப் பிறந்த ஆண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. மாமனாரும் மாமியாரும் சபையை விட்டு வெளியேறினார்கள். வேலை தேடிப் போன ஜேம்ஸ் திரும்பி வரவே இல்லை. பதினாறு வயதுப் பெண் தெரிந்தவர் அதிகமில்லாத ஊரில் தனியாக நின்றார்.

பலதார மணம் அவர் வாழ்க்கைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த எம்மலைன், சபையின் ஆயரான நியூவெல் கே. விட்னியின் குடும்பத்தோடு பழகினார். 1845 பிப்ரவரியில் விட்னியின் மனைவியருள் ஒருவரானார். விட்னிக்கு அப்போது ஐம்பது வயது. அந்தக் குடும்பம் இந்த நடைமுறைக்குப் புதியது அல்ல. 1842இல் தம் பதினேழு வயது மகள் சாரா ஆனை விட்னியே முன்னின்று ஜோசப் ஸ்மித்துக்கு முத்திரித்திருந்தார். 1843இல் எழுதப்பட்ட கட்டளையின் நகலொன்றும் அவருக்காக எடுக்கப்பட்டிருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுக் கால வயது வித்தியாசத்தைப் பார்த்து இன்றைய வாசகர் திகைப்பது இயல்பு. எம்மலைன் பிற்காலத்தில் இந்த மணத்தைப் பற்றி நன்றியோடுதான் எழுதினார். அதில் அவருக்குக் கிடைத்தது காதல் என்பதைவிட ஒரு கூரை, ஒரு குடும்பம், ஒரு தாய் என்று சொல்வதே பொருந்தும். விட்னியின் முதல் மனைவி எலிசபெத் ஆன் அவருக்குத் தாய் போலவே இருந்தார். எம்மலைன் பின்னாளில் தம் மகள் ஒருத்திக்கு அந்தப் பெயரையே வைத்தார். சக மனைவியர் என்றாலே சக்களத்திச் சண்டை என்று எண்ணுவது வழக்கம். சண்டைகளும் மனக்கசப்புகளும் நிறையவே இருந்தன. ஆனால் இப்படிப்பட்ட உறவுகளும் இருந்தன.

1846இன் தொடக்கத்தில், உறைபனிக் காலத்தில், மோர்மன்கள் நாவூவை விட்டு மேற்கே புறப்பட்டார்கள். எம்மலைனும் விட்னி குடும்பத்தோடு போனார். தாயார் அந்த ஆண்டே இறந்தார். மிசௌரி ஆற்றங்கரைத் தற்காலிகக் குடியிருப்பில் தங்கிய பின், 1848 இலையுதிர் காலத்தில், இன்று யூட்டா எனப்படும் பகுதியின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். வந்த சில வாரங்களில் மகள் இசபெல் பிறந்தாள். 1850இல் இரண்டாவது மகள் மெல்வினா பிறந்த சில வாரங்களில் விட்னி இறந்துபோனார். இருபத்திரண்டு வயதில் எம்மலைன் இரண்டு கைக்குழந்தைகளோடு விதவையானார். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

அடுத்து அவர் செய்தது நாம் எதிர்பார்க்காத ஒன்று. 1852இல், இறந்த கணவரின் நண்பரான டேனியல் எச். வெல்ஸுக்கு அவரே கடிதம் எழுதி, நண்பரின் விதவையுடைய தனிமையை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். மணம் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் சபை பலதார மணத்தை முதன்முறையாக உலகறிய அறிவித்தது. அக்டோபரில் எம்மலைன் வெல்ஸின் ஏழாவது மனைவியானார். மேற்கே வர மறுத்து முதல் மனைவி இல்லினாயிலேயே தங்கிவிட்டதால், யூட்டாவில் வெல்ஸுடன் வாழ்ந்தவர்களில் அவர் ஆறாமவர். நித்தியத்துக்கு விட்னியின் மனைவி, இவ்வுலகுக்கு மட்டும் வெல்ஸின் மனைவி என்பது அவரது நிலை. வெல்ஸுக்கு அவர் பெற்ற எம்மா, எலிசபெத் ஆன், லூயிசா என்ற மூன்று மகள்களும் நம்பிக்கையின்படி விட்னியின் பிள்ளைகள். தம் மறுமைக் குடும்பத்தில் இடம்பெறாத மனைவி மேல் வெல்ஸுக்கு ஈடுபாடு குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமா என்று கேட்கத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அந்த எண்ணத்தை ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

ஒரே கூரையின் கீழ் எல்லா மனைவியரும் வாழ்ந்தார்கள் என்பது பொதுவான தவறான எண்ணம். சில குடும்பங்கள் அப்படி வாழ்ந்தன. சில குடும்பங்களில் ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு. வேறு சிலவற்றில் ஒரு மனைவி நகரத்திலும் இன்னொருத்தி தொலைவில் பண்ணையிலும் இருந்தார்கள். வெல்ஸின் மற்ற மனைவியர் சால்ட் லேக் சிட்டியின் நடுவில் ஒரு பெரிய வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். எம்மலைன் மட்டும் சில தெருக்கள் தள்ளிச் சிறிய வீடொன்றில் தம் மகள்களோடு வசித்தார். வெல்ஸ் வந்து போவார். அவர் பிரிகம் யங்கின் ஆலோசகர், நகர மேயர், படைத் தளபதி என்று பல பதவிகளை ஒருசேர வகித்தவர்; வருகைகள் அரிதாகவே இருந்தன. 1874இல் எழுதிய நாட்குறிப்பில், கணவர் தம்மைச் சிறிதளவாவது நேசித்தால் போதுமே, இப்படி முழு அலட்சியமாக இல்லாதிருந்தால் போதுமே என்று எம்மலைன் ஏங்குகிறார். மணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆன பெண் எழுதியது அது.

பணக் கவலையும் கூடவே இருந்தது. பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டிய கணவரின் வருமானம் எந்த வீட்டுக்கும் போதவில்லை. 1878 ஜனவரியில், தம் மகள்கள் யாரையும் கண்மூடி நம்பியிருக்கத் தேவையில்லாதபடி, தங்கள் நலனைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பெண்களாக அவர்களை வளர்க்கப் போவதாக எம்மலைன் எழுதுகிறார். பலதார மணத்தை வெளியில் ஆதரித்த ஒருவரின் தனிப்பட்ட தீர்மானம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

இடையில் ஒரு விளக்கம். எல்லா மோர்மன் ஆண்களும் பல மனைவியரை மணக்கவில்லை. மணந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு இரண்டு மனைவியர் மட்டுமே இருந்ததாக வரலாற்றாய்வாளர்கள் கணிக்கிறார்கள். 1850களின் நடுவில் மதவேகம் உச்சத்தில் இருந்தபோது இத்தகைய மணங்கள் மிகுதியாக நடந்து, பிறகு படிப்படியாகக் குறைந்தன. மணமுறிவும் அங்கே அரிதல்ல. பிரிகம் யங் தம் தலைமைக் காலத்தில் 1,600க்கும் மேற்பட்ட மணமுறிவுகளை அனுமதித்தார். கிழக்கு மாநிலங்களில் மணவிலக்குப் பெறப் பெண்கள் பெரும்பாடு பட்ட காலத்தில், யூட்டாவில் மனமொவ்வாத மனைவி ஒப்பீட்டளவில் எளிதாக விலகிச் செல்ல முடிந்தது. வழி இருந்தும் எம்மலைன் விலகவில்லை. நம்பிக்கையா, பிள்ளைகளா, சபையில் இருந்த மதிப்பா என்று காரணங்களைப் பிரித்தறிவது கடினம்.

அவருடைய பொதுவாழ்க்கை எழுத்தில் தொடங்கியது. 1872இல் சால்ட் லேக் சிட்டியில் 'வுமன்ஸ் எக்ஸ்போனென்ட்' என்ற பெண்கள் பத்திரிகை தொடங்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து பிளாஞ்ச் பீச்வுட் என்ற புனைபெயரில் எழுதிவந்த எம்மலைன், 1877இல் அதன் ஆசிரியரானார். 1914இல் அது நின்றுபோகும்வரை முப்பத்தேழு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பெண்ணுக்கு வாக்குரிமை, கல்வி, சம்பளம் பெறும் வேலை ஆகியவற்றுக்காக அதில் தொடர்ந்து எழுதினார். அதே பக்கங்களில் பலதார மணத்தையும் ஆதரித்தார். அந்த மணம் பெண்ணைக் கணவனின் நிழலாக வைக்காமல் தன் அறிவையும் திறனையும் பயன்படுத்தும்படி தூண்டுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதை வெறும் பிரசாரம் என்று தள்ளிவிட முடியாது. அந்த வாதத்துக்குச் சான்றாக அவருடைய வாழ்க்கையே இருந்தது. ஆனால் அந்தத் தன்னிறைவு அவராக விரும்பித் தேடியதல்ல, வேறு வழியில்லாமல் பழகிக்கொண்டது என்பதை நாட்குறிப்பு சொல்கிறது, பத்திரிகை சொல்லவில்லை.

யூட்டா பெண்களுக்கு வாக்குரிமை 1870 பிப்ரவரியிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்கா முழுவதும் பெண்கள் அதற்காக இன்னும் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கு கிடைத்தால் யூட்டா பெண்கள் பலதார மணத்துக்கு முடிவு கட்டிவிடுவார்கள் என்று வெளியில் சிலர் கணக்குப் போட்டார்கள். நடந்தது வேறு. சபைக்கு எதிரான மசோதாவைக் கண்டித்து அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஆயிரக்கணக்கான மோர்மன் பெண்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். வாக்கு கிடைத்தபின்னும் அவர்கள் நிலை மாறவில்லை. 1879 ஜனவரியில் எம்மலைன், பிரிகம் யங்கின் மகள் சைனா வில்லியம்ஸுடன் வாஷிங்டனில் நடந்த தேசியப் பெண் வாக்குரிமை மாநாட்டுக்குச் சென்று, குடியரசுத் தலைவர் ஹேய்ஸையும் சந்தித்துத் தம் மக்களுக்காகப் பேசினார். அதே மாதத்தில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரெனால்ட்ஸ் வழக்கில், மதச் சுதந்திரம் பலதார மணத்துக்குப் பாதுகாப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தது.

அதன்பின் சட்டம் இறுகியது. 1862இலேயே பலதார மணத்தைக் குற்றமாக்கிய சட்டம் இருந்தாலும், திருமணம் நடந்ததை நிரூபிக்க முடியாததால் அது செயல்படவில்லை. 1882இன் எட்மண்ட்ஸ் சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு சேர்ந்து வாழ்வதையே குற்றமாக்கி, ஆறு மாதம் வரை சிறையும் 300 டாலர் வரை அபராதமும் விதித்தது. திருமணச் சான்று இனி தேவையில்லை. பிள்ளையைச் சுமக்கும் பெண்ணே சான்றானாள். இந்தக் கட்டத்தில் பெண்களின் நிலை மிகக் கொடியது என்று நினைக்கிறேன். சிறைக்குப் போன ஆண்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், விசுவாச வீரர்களாகத் திரும்பி வந்தார்கள். மனைவியர் கருவுற்றிருப்பதை மறைத்து, பெயரை மாற்றிக்கொண்டு, ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்தார்கள். பெல் ஹாரிஸ் என்ற இளம்பெண் கணவரைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்து, 1883இல் கைக்குழந்தையோடு சிறையில் இருந்தார். மருத்துவரான மார்த்தா ஹியூஸ் கேனன், கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேராதபடி 1886இல் குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1887இன் எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்ததோடு, யூட்டா பெண்களின் வாக்குரிமையையும் பறித்தது. பெண்களை மீட்பதாகச் சொல்லி வந்த சட்டம், மீட்கப்பட்டவர்கள் கையிலிருந்த வாக்குச் சீட்டை எடுத்துக்கொண்டது.

எம்மலைனுக்கு அந்த ஆண்டு வேறொரு வகையிலும் கொடியது. 1878இல் மகள் எம்மா இறந்திருந்தாள். 1886இல் எலிசபெத் ஆனின் கணவரும் சபை அதிகாரியுமான ஜான் கேனன், தங்கை லூயிசாவோடு தமக்கிருந்த தொடர்பை ஒப்புக்கொண்டு சபையிலிருந்து விலக்கப்பட்டார். அக்காள் மணமுறிவு பெற, தங்கையை அவர் மணந்தார். அரசு வழக்கறிஞர்களோ இதையும் பலதார மணம் என்று வழக்காக்கினார்கள். 1887இல் குழந்தை இறந்து பிறக்க, லூயிசாவும் இறந்தாள். சபை அனுமதித்த மணத்துக்கும் சபை தண்டித்த ஒழுக்கக்கேட்டுக்கும் இடையிலான கோடு சபையினருக்கு மிகக் கண்டிப்பானது. வெளியிலிருந்து பார்த்த சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. எம்மலைன் வீட்டில் அந்த இரண்டு பார்வைகளும் மோதின.

1890 செப்டம்பரில் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படப் போவதாக அறிவித்தது. பலதார மணம் அன்றோடு முடிந்தது என்று பள்ளிப்பாடம் போல ஒரு வரியில் எழுதுவது வழக்கம். ஆனால் முன்பே மணமான பெண்களைப் பற்றி அந்த அறிக்கை ஒன்றும் சொல்லவில்லை. சில ஆண்கள் சட்டப்படியான முதல் மனைவியோடு மட்டும் வாழத் தொடங்கி மற்றவர்களைக் கைவிட்டார்கள். சிலர் முன்போலவே எல்லா வீடுகளையும் பராமரித்தார்கள். சட்டத்தின் கண்ணில் பின்வந்த மனைவியர் ஒருநாளும் மனைவியர் அல்லர் என்பதால், கைவிடப்பட்டவர்கள் முறையிட இடமில்லை. இரகசியமாகச் சில புதிய திருமணங்களும் நடந்தன. 1904இல் இரண்டாவது அறிக்கை வந்தபின்தான் சபை அவற்றைக் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கியது. இன்று பலதார மணம் செய்வோரை அந்தச் சபை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கிவிடுகிறது. இன்றும் அதைப் பின்பற்றுவோர் சபையிலிருந்து பிரிந்துபோன தனிக் குழுவினர்.

வெல்ஸ் அந்த முதல் அறிக்கை வந்த ஆறு மாதங்களில், 1891 மார்ச்சில், காலமானார். விந்தை என்னவென்றால், அவருடைய கடைசி ஆண்டுகளில்தான் அவரும் எம்மலைனும் நெருங்கினார்கள். மேன்டி நகர ஆலயத்தின் தலைவராக இருந்த முதியவரைக் காண எம்மலைன் சென்றுவந்தார். இளமையில் கிடைக்காத பேச்சும் துணையும் அப்போது கிடைத்ததை நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு பதிந்தார். அவர் இறந்தபோது எழுதியதில், வருவதும் போவதும் வாசலில் பிரிவதுமான நினைவுகளே தமக்கு எஞ்சியவை என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பலதார மணத்தில் மனைவியாக இருப்பது எப்படிப்பட்டது என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது அந்த வரியைத்தான்.

அறுபத்து மூன்று வயதில் தொடங்கிய கைம்மை முப்பது ஆண்டுகள் நீடித்தது. எம்மலைனின் செல்வாக்கு மிகுந்திருந்த காலமும் அதுவே. மாநில அரசியலமைப்பில் பெண் வாக்குரிமையைச் சேர்க்க 1895இல் நடந்த முயற்சியில் முன்னணியில் நின்றார். 1896 ஜனவரியில் யூட்டா மாநிலமானபோது அந்த உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் மாநில மேலவைக்குக் குடியரசுக் கட்சி சார்பில் போட்டியிட்டுத் தோற்றார். வென்றவர்களுள் ஒருவர், இங்கிலாந்துக்கு ஓடி ஒளிந்து திரும்பிவந்த மார்த்தா ஹியூஸ் கேனன். ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற அவர், எதிர்க்கட்சி வேட்பாளராக நின்ற தம் கணவர் ஆங்கஸ் கேனனையும் முந்தினார். அமெரிக்காவில் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஒரு பலதார மணத்தின் நான்காவது மனைவி என்பது, இந்த மணத்தைப் பற்றி எளிய முடிவுக்கு வர விரும்புவோருக்கு எப்போதும் இடைஞ்சலான செய்தி.

1910இல், எண்பத்திரண்டு வயதில், எம்மலைன் சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைவரானார். 1876இல் பிரிகம் யங் அவரிடம் ஒப்படைத்த தானியச் சேமிப்புத் திட்டத்தைப் பெண்கள் பல்லாண்டுகளாக நடத்திவந்திருந்தார்கள். முதல் உலகப் போரின்போது 1918இல் அந்தச் சேமிப்பிலிருந்து சுமார் இரண்டு லட்சம் புஷல் (தானியம் அளக்கும் ஓர் அளவு) கோதுமை அமெரிக்க அரசுக்கு விற்கப்பட்டது. 1921 ஏப்ரல் தொடக்கத்தில் முதுமையைக் காரணம் காட்டிப் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த மாதம் 25ஆம் நாள் இறந்தார். 1928இல் யூட்டா பெண்கள் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

அவர் விட்டுச் சென்ற நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்குறிப்புகளைச் சபையின் வரலாற்றுத் துறையே பதிப்பித்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. மேலும் அறிய விரும்புவோர் 1870களின் பதிவுகளிலிருந்து தொடங்கலாம். அதே வாரங்களில் வெளிவந்த பத்திரிகை இதழ்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அவர் எதை அச்சில் ஏற்றினார், எதை ஏற்றவில்லை என்பது தெரியவரும்.